பாளையங்கோட்டை வீட்டை ஏன் விற்கவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லை, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் கொழுந்தனார் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "இன்னுமா பாளையிலயே தனியா இருக்கீங்க? வீட்டைக் கொடுத்துட்டுப் பையன்கிட்ட போயிர வேண்டியதுதானே?" பந்தியில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. என் மகனும் அவன் அப்பா போனதிலிருந்து, மூன்று வருஷமாக, இதையேதான் கேட்கிறான். கேட்பது அன்பினால்தான், அது எனக்குத் தெரியும். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷம் கணக்கு நடத்தியவள் நான். விடையை மட்டும் எழுதினால் உங்களுக்கே மார்க் போட்டதில்லை. வழிமுறையையும் காட்ட வேண்டும் அல்லவா?

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே நமக்கெல்லாம் பழகிவிட்டது. யார் முதலில் சொன்னார்களோ, அது இருக்கட்டும். கணக்கை மட்டும் பாருங்கள். தூய யோவான் கல்லூரி 1878. சாராள் தக்கர் பெண்கள் கல்லூரி 1895. தூய சவேரியார் கல்லூரி 1923. அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964. அடுத்த வருஷமே ஐகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி. சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971. பிறகு பொறியியல், சட்டம். 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரதி படித்த இந்துக் கல்லூரிப் பள்ளி. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இங்கே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்புப்படி திருநெல்வேலி மாநகராட்சி முழுவதற்கும் மக்கள்தொகை சுமார் 4.73 லட்சம்தான். அதில் ஒரு பகுதிதான் பாளை. இத்தனை சின்ன இடத்தில் இத்தனை படிப்பு.

பெருமை பேச இதை எழுதவில்லை. கல்லூரி ஊர் என்றால் அங்கே வாழ்கிற சாதாரண மனுஷிக்கு என்ன கிடைக்கிறது என்று யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த ஊர் நூறு வருஷத்துக்கு மேலாக, கையில் காசு குறைவாக உள்ள, படிக்கிற ஆசை உள்ள, வீட்டைப் பிரிந்து வந்த மனிதர்களுக்குச் சோறு போட்டுப் பழகிய ஊர். அவர்களுக்கு என்ன வேண்டும்? வாடகை குறைவாக ஒரு அறை. கட்டுப்படியாகும் விலையில் வயிற்றைக் கெடுக்காத சாப்பாடு. நடக்கிற தூரத்தில் கடை. அடிக்கடி வருகிற பஸ். காசில்லாமல் உட்கார்ந்து படிக்க ஓர் இடம். உடம்புக்கு முடியவில்லை என்றால் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. சாயங்காலம் பேச்சுத்துணைக்கு நாலு பேர். பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு வேண்டிய இந்த ஏழையும் எழுதிவைத்துவிட்டு, எழுபத்திரண்டு வயசு பென்ஷன்காரிக்கு என்ன வேண்டும் என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருந்தன! பிள்ளைகளுக்காக ஏற்பட்ட ஊர், வயசானவர்களுக்கும் தானாகவே பொருந்திவிட்டது.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இரண்டு மெஸ் இருக்கின்றன. சமைக்க உடம்பு ஒத்துழைக்காத நாளில் ஒரு தூக்குவாளி எடுத்துக்கொண்டு போனால் போதும். ஹாஸ்டல் பிள்ளைகள் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற இடம் என்பதால் எண்ணெயும் காரமும் வீட்டுப் பக்குவம்தான். செவ்வாய்க்கிழமை கூட்டாஞ்சோறு, ஞாயிற்றுக்கிழமை சில நேரம் சொதி. மாவட்ட மைய நூலகத்தில் காலையில் போனால் எல்லாப் பேப்பரும் படித்துவிடலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் பாதி நாற்காலியைப் பிடித்திருப்பார்கள். "இந்த வட்டிக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுங்க டீச்சர்" என்று யாராவது ஒருவர் வந்து நிற்காத நாளில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஜங்ஷனுக்கோ டவுனுக்கோ போய்வர எனக்கு யார் தயவும் வேண்டாம், சில்லறையும் வேண்டாம். முழங்கால் வலிக்கு ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி, மூட்டுக்கு எண்ணெய் வாங்கச் சித்த மருத்துவக் கல்லூரி. ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்கும்போது நான் படிப்பித்த பிள்ளை யாராவது நர்ஸ் உடுப்பில் எதிரே வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நான் காய் வாங்குகிற பாளை மார்க்கெட் கடைக்கார அண்ணாச்சிக்குச் சைகை பாஷை கொஞ்சம் தெரியும். எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகள் வந்து வந்து அவருக்குப் பழக்கிவிட்டார்கள். கால்கிலோ, அரைக்கிலோ, விலை அதிகம், நாளைக்குத் தருகிறேன், எல்லாம் கையிலேயே நடக்கும். வெள்ளைக் கோலோடு ஒரு பையன் ரோட்டோரம் நின்றால் ஆட்டோக்காரர் இறங்கி வந்து கையைப் பிடித்துக் கடத்திவிட்டுப் போவதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. எனக்கும் காது கொஞ்சம் மந்தமாகிவருகிறது. மெதுவாகக் கேட்கிறவர்களுக்கும் மெதுவாக நடக்கிறவர்களுக்கும் ஏற்கெனவே பழகின ஊரில் கிழவியாவது சுலபம் என்று தோன்றுகிறது.

அடுத்தது பேச்சுத்துணை. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பேராசிரியர் நா. வானமாமலை இந்த ஊரில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், ட்யூட்டோரியல் நடத்திக்கொண்டே நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி, 'ஆராய்ச்சி' என்று பத்திரிகையும் நடத்தினார். நாட்டுப்பாடல்களையும் கதைப்பாடல்களையும் தேடித் தேடிப் பதிப்பித்தார். 2020 டிசம்பரில் மறைந்த பேராசிரியர் தொ. பரமசிவனும் பாளையங்கோட்டைக்காரர்தான். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தவர். 'அறியப்படாத தமிழகம்' எழுதியவர். உப்பு, எண்ணெய், உரல், உலக்கை என்று நாம் தினம் புழங்குவதில் எல்லாம் வரலாறு இருக்கிறது என்று காட்டினவர்.

இப்படிப்பட்டவர்கள் இருந்த ஊரில் ஒரு பழக்கம் மிச்சமிருக்கிறது. சாயங்காலம் ஏதாவது ஒரு கல்லூரி அரங்கிலோ நூலகத்திலோ கூட்டம் இருக்கும். புத்தக வெளியீடு, கல்வெட்டு பற்றிப் பேச்சு, பறவை பார்க்கிறவர்கள் கூட்டம், நாட்டார் வழக்காறு. யாரும் அழைப்பிதழ் கேட்பதில்லை. பின்வரிசையில் போய் உட்காரலாம். முடிந்ததும் எழுந்து கேள்வியும் கேட்கலாம். கணக்கு டீச்சருக்குக் கல்வெட்டில் என்ன வேலை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. போன வருஷம் ஒருவர் பழைய ஏரிப்பாசனத்தில் மடையைக் கணக்குப் போட்டுத் தண்ணீர் பங்கிட்டதைப் பேசினார். பின்னக் கணக்கைப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஓய்வுபெற்றுப் பல வருஷம் கழித்துப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு நடந்துவந்த அந்தச் சாயங்காலத்தின் சந்தோஷத்தை எந்த ஊர் ஃபிளாட்டில் எனக்கு வாங்கித் தர முடியும்?

ஃபிளாட் என்றதும் சொல்கிறேன். மகன் வீட்டில் நாலு மாதம் இருந்து பார்த்தவள்தான் நான். மருமகள் தங்கம். பேத்திக்கு நான் என்றால் உயிர். பதினோராவது மாடியில் காற்றுக்கும் குறைவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போனால் சாயங்காலம் ஏழு மணிவரை நான் பேசுவதற்கு லிஃப்டில் இருக்கிற செக்யூரிட்டித் தம்பி மட்டும்தான். அங்கே எனக்கு எல்லாம் கொடுத்தார்கள். என்னிடமிருந்து யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. அது அவர்கள் தப்பு கிடையாது. அந்த இடத்தின் அமைப்பு அப்படி.

இங்கே என்னிடம் தேவைப்படுகிறது. அவர் போன பிறகு மாடி காலியாகத்தான் கிடந்தது. 2023 ஜூனில் கல்லூரி திறக்கிற நேரம், தெரிந்தவர் ஒருவர் சொல்லி நாலு பெண்பிள்ளைகள் கேட்டு வந்தார்கள். சங்கரன்கோவில் பக்கம், திசையன்விளை பக்கம், மற்ற இரண்டு பேர் மலையடிவாரத்துக் கிராமங்கள். நாலு பேர் வீட்டிலும் கல்லூரிப் படி ஏறுகிற முதல் ஆள் அவர்கள்தான். இரண்டு பேருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. என்னைவிட நன்றாகச் செலவுக் கணக்கு எழுதுகிறார்கள். நான் அவர்களுக்கு இன்டக்ரேஷன் சொல்லித் தருகிறேன். அவர்கள் எனக்கு ஃபோனில் பணம் அனுப்பக் கற்றுத்தந்தார்கள். என்னை "ஆச்சி" என்று கூப்பிடுகிறார்கள். முதல் செமஸ்டரில் ஒருத்தி கணக்கில் அரியர் வைத்துவிட்டு, ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். ராத்திரி பதினோரு மணிவரை மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம். அடுத்த தேர்வில் 71 வாங்கினாள். இப்போது எம்.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள்.

நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரியில் ஏதாவது ஆனால் யார் இருக்கிறார்கள் என்பதுதானே? 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு நினைவிருக்கும். தாமிரபரணியில் வெள்ளம் வந்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் தண்ணீரில் நின்றது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. மகன் அங்கே தவித்துப்போய்விட்டான். அவனுக்கு மட்டுமா, இதைப் படிக்கிற பல பேருக்கு அன்று என்னோடு பேச முடியவில்லை. பரீட்சைக்காக மாடியில் இரண்டு பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். அரிசியும் விறகும் இருந்தது. மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தோம். என் பிரஷர் மாத்திரை தீர்ந்தபோது அதில் ஒருத்தி முழங்கால் தண்ணீரில் நடந்து மூன்றாவது கடையில் வாங்கி வந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், பக்கத்து ஹாஸ்டல் பையன்கள் பொட்டலச் சோறு கொண்டுவந்து தெருவில் உள்ள ஒவ்வொரு கிழவன் கிழவி வீட்டுக் கதவையும் தட்டினார்கள். யாரும் அவர்களை அனுப்பவில்லை. வாரக்கணக்காக மெஸ்ஸிலும் பஸ் ஸ்டாப்பிலும் பார்த்துப் பழகிய முகங்கள் எந்த வீட்டில் இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆகையால், "தனியாக இருக்கிறாள்" என்று என்னைப் பற்றிச் சொல்லாதீர்கள். கணக்குப்படி அது சரியில்லை.

குறையே இல்லையா என்றால், நிறைய உண்டு. பாளையங்கால்வாயைப் பார்த்தால் அழுகை வரும். ஒரு காலத்தில் குளித்த தண்ணீர், இப்போது சாக்கடை. சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அதைவிட வலிக்கிற குறை இரண்டு.

ஒன்று, கையில் கட்டுகிற கயிறு. படிப்பில் பெயர்பெற்ற இதே மாவட்டத்தில்தான் பள்ளிப் பையன்கள் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கல்லூரி இத்தனை இருந்தும் இது ஏன் போகவில்லை என்று கேட்டால் என்னிடம் சுலபமான விடை இல்லை. ஆனால் என் மாடியில் நாலு பெண்கள், வெவ்வேறு ஊர், வெவ்வேறு தெரு, ஒரே குக்கரில் சோறு வடிக்கிறார்கள். அவர்கள் ஊரில் அது நடந்திருக்காது. படிக்க வந்த ஊரில் நடக்கிறது. இங்கேயே தங்கியிருந்து அந்த ஒரு குக்கரையாவது அணையாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குறை நீங்கள்தான். கோபப்படாதீர்கள். இந்த ஊர் பிள்ளைகளைப் படிக்கவைக்கும், வேலை கொடுக்காது. ஒவ்வொரு மே மாதமும் ஜங்ஷன் ஸ்டேஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும்போது, படித்து முடித்த ஒரு கூட்டம் பெட்டியோடு ஏறிப் போகிறது. என் சொந்தப் பிள்ளையையும் அப்படித்தான் ஏற்றிவிட்டேன். கல்லூரி ஊரில் வாழ்வதென்றால் வழியனுப்பிக்கொண்டே இருப்பது என்று பழகிக்கொள்ள வேண்டும். ஆனால் ஜூன் மாதம் வந்ததும் அதே ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் அடுத்த கூட்டம் வந்து இறங்குகிறது. அப்பா கையில் தகரப்பெட்டி, பிள்ளை கையில் மார்க் லிஸ்ட் ஃபைல், இரண்டு பேர் முகத்திலும் பயம். எந்த ஊரிலும் மனிதர்களுக்கு வயசு ஏறிக்கொண்டேதான் போகும். இங்கே வருஷாவருஷம் ஒரு தடவை ஊருக்கே பதினேழு வயசு ஆகிறது.

நானும் 1970இல் அப்படித்தான் வந்து இறங்கினேன், களக்காட்டுப் பக்கத்திலிருந்து. நான் படித்த சாராள் தக்கர் கல்லூரிக்குப் பெயர் தந்த ஆங்கிலேயப் பெண்மணி இந்த ஊரை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத ஊர்ப் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஒருத்தி நினைத்ததில் எனக்கு ஒரு டிகிரி கிடைத்தது. கண்ணெதிரே இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு மாடி கொடுப்பது எனக்கு எம்மாத்திரம்?

ஓய்வுக்குப் பிறகு எங்கே இருக்கலாம் என்று உங்களில் சிலர் இப்போதே யோசிக்கிறீர்கள். பாளைக்குத்தான் வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கும்பகோணம் இருக்கிறது, காரைக்குடி இருக்கிறது, சிதம்பரம் அண்ணாமலைநகர் இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் நிலம் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் சாப்பிடுகிற மெஸ்ஸில் போய் ஒருவேளை சாப்பிடுங்கள். நூலகத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஏதாவது ஒரு பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், மதித்துப் பதில் சொல்கிறார்களா என்று. மூன்றும் சரியாக இருந்தால் அங்கே வயசாகலாம்.

ஆக, விடை: வீட்டை விற்கவில்லை. மகனிடம் பேசிவிட்டேன். முதலில் வருத்தப்பட்டான், பிறகு, "சரிம்மா, குளியலறையில் பிடித்து நடக்கக் கம்பியாவது போடுகிறேன்" என்றான். போன வாரம் போட்டாயிற்று. தசராவுக்குக் குடும்பத்தோடு வருகிறேன் என்றிருக்கிறான். பன்னிரண்டு அம்மன் சப்பரங்களும் சேர்ந்து நிற்கிறதைப் பேத்தி இதுவரை பார்த்ததில்லை.

கடைசியாக, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போவதில்லை நீங்கள், சந்தோஷம். வரும்போது ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், எனக்குச் சர்க்கரை. அதற்குப் பதில் ஒரு மணிநேரம் கொண்டுவாருங்கள். மாடியில் இருக்கிற பிள்ளைகளிடம், முதல் இன்டர்வியூவுக்கு எப்படிப் போனீர்கள், இங்கிலீஷ் பேச எப்படித் தைரியம் வந்தது, முதல் சம்பளம் எவ்வளவு, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த வருஷம் வந்திருக்கிற ஒருத்திக்குக் கணக்கு நன்றாக வருகிறது. வங்கி வேலையா, ஆராய்ச்சியா என்று தெரியாமல் முழிக்கிறாள். உங்களில் யார் அவளிடம் பேசுகிறீர்கள்? கீழே பெயர் கொடுங்கள். சனி, ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். சுக்குக் காபி என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்